தெருக்குத்து வீடு

கள்ளக்குறிச்சி,
11.6.1995

அன்புத் தோழி செல்விக்கு,

கல்யாணமாகிச் சேலம் போனவளுக்குக் கடிதம் போடக் கை வலிக்கிறது போலிருக்கிறது. போகட்டும், நீயும் உன் வீட்டுக்காரரும் நலந்தானே?

எனக்கு வாடகை வீட்டை மறுபடி காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். டீச்சர் வேலைக்கு வந்த நாலு வருஷத்தில் இது மூன்றாவது. போன வாரம் ஆஸ்பத்திரிக்கு வந்த அத்தையும் மாமாவும் இரண்டு நாள் தங்கினார்கள். வீட்டுக்காரம்மா வாசலில் நின்று, "இன்னா டீச்சர், மலையே எறங்கி வந்துக்கினு இருக்குது? இது வூடா, சத்திரமா?" என்று கேட்டுவிட்டார். கல்வராயன் மலையிலிருந்து இறங்குகிறவர்களுக்கு டவுனில் என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்?

அதனால் சொந்தமாகவே வாங்கிவிடலாம் என்றிருக்கிறேன். ராஜாங்கம் என்பவருடைய ஓட்டு வீடு, ஐந்து வருஷமாகப் பூட்டிக் கிடக்கிறது. பாதி விலைக்குத் தருகிறார். தெரு நேராக வந்து வாசலில் முட்டுகிறது, அது ஒன்றுதான் குறை. நீ என்ன சொல்கிறாய்?

உன்
பவானி

சேலம்,
20.6.1995

பவானி,

உனக்குப் புத்தி கெட்டுவிட்டதா? அது தெருக்குத்து வீடடி! தெரு குத்துகிற வீட்டில் குடும்பம் தழைக்காது என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியுமே. சும்மாவா ஐந்து வருஷம் பூட்டிக் கிடக்கிறது? இவர் வாஸ்து புத்தகத்தைப் புரட்டிப் பார்த்து, "உன் பிரெண்டு ஒரு வருசம்கூட அங்க இருக்க மாட்டாங்க" என்கிறார்.

ஆனால் உன் பிடிவாதம் எனக்குத் தெரியாதா? ஹாஸ்டலில் மழை ஒழுகுகிற மூலைக் கட்டில் யாருக்கும் வேண்டாம் என்றபோது, காலடியில் வாளியை வைத்துக்கொண்டு இரண்டு வருஷமும் அங்கேயே படுத்தவள் நீ. அதனால் சின்னக் கல் பிள்ளையார் ஒன்றைத் தம்பியிடம் கொடுத்தனுப்பியிருக்கிறேன். வாங்கியே தீருவாய் என்றால், தெருவைப் பார்த்தபடி மதிலில் பதித்துவை. அவராவது உன்னைக் காப்பாற்றட்டும்.

கோபத்துடன்,
செந்தமிழ்ச்செல்வி

கள்ளக்குறிச்சி,
4.9.1995

அன்புச் செல்வி,

பத்திரம் பதிந்தாகிவிட்டது. நேற்றுப் பால் காய்ச்சினோம். அப்பா சாமை மூட்டையோடு மலையிலிருந்து வந்திருந்தார். அக்கம்பக்கத்தார் அவர் காதிலும் தெருக்குத்தைப் போட்டார்கள். அவர் வாசலில் நின்று தெருவை ஒரு தடவை பார்த்துவிட்டுச் சொன்னார்: "எங்கூருக்கு ஒரு ரோடு போட்டுக் குடுங்கன்னு எத்தினி வருசமா மனு குடுத்துக்கினு இருக்கறோம். இங்க ரோடு வூட்டு வாசலுக்கே வந்து நிக்குது. இத்த வோணாம்னா இன்னா சொல்றது?" அதோடு எல்லோரும் பாலைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிட்டார்கள்.

உன் பிள்ளையாரை மதிலில் பதித்துவிட்டேன். பள்ளிக்கூடப் பிள்ளைகள் தலையில் குட்டிக்கொண்டு போகிறார்கள்.

இனிமேல் என்னைக் காலி செய்யச் சொல்ல ஆளில்லை. எழுதும்போதே அழுகை வருகிறது, சந்தோஷம்தான்.

உன்
பவானி

சேலம்,
2.5.2012

அன்புள்ள பவானி,

சௌகரியமாக வந்து சேர்ந்தேன். மனசு மட்டும் உன் வீட்டைவிட்டு வரவில்லை.

அன்றைக்கு உங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டில் இறங்கி ஆட்டோக்காரரிடம் விலாசம் சொல்ல வாயெடுத்தேன். "பிள்ளையாரு டீச்சர் வூடா? குந்துங்க" என்றார். ஓடு போய், தளம் போட்ட மெத்தை வீடாகிவிட்டது. முன்னறையில் காலேஜ் படிக்கிற மலைப் பெண்கள், பின்னறையில் பிரசவத்துக்கு வந்த ஒருத்தி. கல்யாணமே செய்துகொள்ளாதவள் வாசலில் பதினொரு ஜோடி செருப்பு! குடும்பம் தழைக்காது என்று எழுதிய கையை என்ன செய்வது சொல்.

நாங்கள் நாலாவது வீட்டுக்கு மாறப்போகிறோம். முதல் வீட்டில் அடுப்படி தப்பு, அடுத்ததில் கிணறு தப்பு, இதில் மாடிப்படி தப்பாம். இவர் வாங்குவதும் விற்பதுமாக இருக்கிறார். எந்த வீட்டிலும் ஒரு முருங்கைக் கொம்பு நட்டு, காய் பறிக்கிற வரை நான் இருந்ததில்லை.

நீ பெரிய ஆள்தான்டி.

உன்
செல்வி

சென்னை,
9.2.2025

அன்புள்ள பவானி,

போனில் இதைப் பேசினால் அழுதுவிடுவேன். அதனால்தான் எழுதுகிறேன்.

இவர் போன பிறகு கடைசி வீட்டையும் விற்று, மகன் பிரவீன்குமாரின் ஃப்ளாட்டுக்குக் கொடுத்தேன் அல்லவா? இப்போது அவனுக்குக் கனடாவில் வேலை. ஃப்ளாட்டை விற்கிறான். "உங்களுக்கு நல்ல முதியோர் ஹோமாப் பாத்து வெச்சிருக்கேம்மா" என்கிறான். பாசத்தோடுதான் சொல்கிறான்.

உன்னிடம் மறைத்த ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு உன்னைத் திட்டி எழுதியதில் பாதி பயம், மீதி பொறாமை. ஒருத்தி தன் பெயரில், தன் சம்பளத்தில் வீடு வாங்குகிறாளே என்று. நான் கொடுத்தனுப்பிய பிள்ளையாருக்கு முப்பது வருஷமாக ஒரே இடம். எனக்குத்தான் இல்லை.

கழுதை கெட்டால் குட்டிச்சுவர் என்று சிரிக்காதே. உன் வீட்டில் எனக்கு இடம் இருக்குமா? இல்லையென்றால் பதில் போடவேண்டாம், நான் புரிந்துகொள்வேன்.

செல்வி

கள்ளக்குறிச்சி,
13.2.2025

அடி செல்வி,

இடம் இருக்குமா என்று கேட்க உனக்கு எப்படி மனசு வந்தது? கடிதத்தைப் படித்துவிட்டு உன்மேல் அவ்வளவு கோபம். முன்னறைப் பெண்கள் இப்போதே உனக்குக் கட்டிலைத் துடைத்துப் போட்டுவிட்டார்கள். பின்பக்கம் முருங்கைக் கொம்பு ஒன்று ஒடித்து வைத்திருக்கிறேன். நீ வந்து உன் கையால் நடு. காய்க்கிற வரை இருந்துதான் ஆகவேண்டும், அதற்குப் பிறகும்தான்.

ஒன்று மட்டும் செய். ஆட்டோவில் வாசல்வரை வராதே. பெட்டியை ஆட்டோக்காரரிடம் கொடுத்தனுப்பிவிட்டுத் தெருக்கோடியிலேயே இறங்கிக்கொள். முப்பது வருஷமாக யார் தெருவில் திரும்பினாலும் இங்கிருந்தே பார்த்துவிட்டு உலை வைத்துப் பழகிவிட்டேன். உன்னையும் அப்படி, நீ நடந்து வர வர, வாசலில் நின்று பார்க்க வேண்டும்.

உன்
பவானி