லாரி ஓடியது, மாப்பிள்ளை

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மாமா எழுதுவது. நானும் உங்கள் அத்தையும் நலம் என்று எழுதுவதுதான் வழக்கம்; அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். அங்கே வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா? போன் செய்தால் நீங்கள் எடுப்பதில்லை. அதனால்தான் கடிதம்.

"அவளோட ரிமோட் லாரியை யாருக்காவது குடுத்துடுங்க மாமா" என்று நீங்கள் அனுப்பிய செய்தி கிடைத்தது. கொடுக்கத்தான் எடுத்தேன். ஆனால் ஓடாத வண்டியை ஒருவர் தலையில் கட்டலாமா? காலமெல்லாம் பள்ளிப் பேருந்து ஓட்டியவனுக்கு இந்த முழ நீள வண்டி எம்மாத்திரம் என்ற திமிர் வேறு. மகள் போனதிலிருந்து அந்த அறையை யாரும் ஒழிக்கவில்லை. அலமாரியில் பாதி கேன் எரிபொருள் இருந்தது. ஊற்றி, எஞ்சினைக் கிளப்பும் கயிற்றை இழுத்தேன். இரண்டு இருமல் இருமிவிட்டு நின்றுவிட்டது. அப்புறம் தோள்பட்டை கழன்றதுதான் மிச்சம்.

நீங்கள் இருவரும் வழக்கமாகப் போன பொம்மை வண்டிக் கடைக்கே கேனையும் வண்டியையும் தூக்கிக்கொண்டு போனேன். கடைக்காரப் பெண் என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். துக்கம் விசாரிக்கவில்லை, அதுவே பெரிய உபகாரம். கேனைத் திறந்து பார்த்து, "மூடியைச் சரியா மூடலை அங்கிள். காத்துல இருக்கிற ஈரத்தையெல்லாம் இது குடிச்சிருக்கும்" என்றாள். அந்த மூடியைக் கடைசியாகத் திருகியது நம் பெண்தான். அதைக் கேட்டு எனக்கு ஏதாவது ஆகியிருக்க வேண்டும். ஒன்றும் ஆகவில்லை. "சரிம்மா, பெட்ரோல் ஊத்தினா ஓடாதா?" என்றுதான் கேட்டேன்.

அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு விளக்கினாள். மெத்தனாலும் நைட்ரோவும் எண்ணெயும் சேர்ந்த கலவையாம் அது. இந்த எஞ்சினுக்கு எண்ணெய் தனியாக ஊற்ற இடமில்லை. எரிபொருளோடு போனால்தான் உண்டு. நைட்ரோ கூடினால் வேகமும் கூடும், சூடும் கூடும். பொம்மை விமானத்துக்கான கேனை நான் கையில் எடுத்தேன். எண்ணெய் அளவு வேறு, லாரிக்கு ஆகாது என்று வாங்கி வைத்துவிட்டாள். "அக்கா இருபது சதவீத நைட்ரோவைத் தாண்டவே மாட்டாங்க" என்று அதையே எடுத்துக் கொடுத்தாள்.

எரிபொருளைப் பற்றவைக்கும் குளோ ப்ளக்கும் போயிருந்தது. கழற்றிப் பேட்டரியில் வைத்துக் காட்டினாள். உள்ளே மயிரிழைச் சுருள். சிவந்து கனல வேண்டியது கறுத்தே கிடந்தது. நைட்ரோ குறைவு, குளிர்காலம் என்றால் சூடான ரக ப்ளக். நைட்ரோ அதிகம், நல்ல வெயில் என்றால் குளிர்ந்த ரகம். நமக்கு நடுத்தரம் போதுமாம். அடிப்பக்கம் கூம்பாக இருப்பது வேறு எஞ்சினுக்கு, அதை மாட்டக் கூடாதாம். இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். எழுத வேறு சேதி இல்லாததால் எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் புது ப்ளக்கை மாட்டி, வாசலில் வைத்து இழுத்தேன். பிடித்துக்கொண்டது. நீலப் புகை, அந்தக் காது கிழியும் சத்தம். சமையலறையிலிருந்து உங்கள் அத்தை குரல் கொடுத்தாள்: "பாப்பா, போதும்டி. தெருவே திரும்பிப் பாக்குது. கையைக் கழுவிட்டுச் சாப்பிட வா."

மகளை எப்போதும் திட்டும் அதே குரல்.

கொஞ்ச நேரம் கழித்து ஈரக் கையோடு வாசலுக்கு வந்தாள். நான் நிறுத்தக் குனிந்தேன். "நிறுத்தாதீங்க. ஊத்தினது தீரட்டும்" என்றாள். தீரும்வரை இருவரும் நின்றோம். அழுகை வரவில்லை, அவளுக்கும் வரவில்லை. உள்ளே போய்ச் சாப்பிட்டோம். சோறு ஆறியிருந்தது.

லாரியைக் கடைக்காரப் பெண்ணுக்குத் தெரிந்த ஒரு நர்ஸ் வாங்கிப் போனாள். நல்ல கைகள், பதறாமல் தூக்கினாள். "கேன் மூடியை இறுக்கி மூடும்மா" என்று மட்டும் அத்தை சொன்னாள்.

இனி, எழுத நினைத்தது. போன வாரம் உங்கள் அக்கா வந்திருந்தார். உங்களுக்குப் பெண் பார்த்திருப்பதையும், எங்களிடம் சொல்ல உங்களுக்கு நா எழவில்லை என்பதையும் சொன்னார். நீங்கள் போனை எடுக்காத காரணம் அப்போதுதான் புரிந்தது. அத்தை அவரிடம் கேட்டது ஒன்றுதான்: "அந்தப் பொண்ணு நல்லாச் சிரிச்சுப் பேசுமா?" பேசும் என்றார். "அப்பச் சரி" என்று எழுந்து போய்விட்டாள்.

எங்களுக்கு வருத்தமா என்று கேட்டால் தெரியவில்லை. இப்போதெல்லாம் எதுவும் சட்டென்று உறைப்பதில்லை. நீங்கள் தனியாக இருக்கக் கூடாது என்பது மட்டும் நன்றாகத் தெரிகிறது. எங்களுக்காகத் தள்ளிப் போடாதீர்கள். கல்யாணத்துக்குக் கூப்பிட்டால் வருவோம். கூப்பிடச் சங்கடமாக இருந்தால் அதிலும் குறையில்லை. ஆனால் பிறகு ஒருநாள் இரண்டு பேருமாக இங்கே வர வேண்டும். உங்கள் அத்தையை என்ன முறை சொல்லிக் கூப்பிடுவது என்று அந்தப் பெண் தயங்கினால், அம்மா என்றே கூப்பிடச் சொல்லுங்கள். அப்படிக் கூப்பிட இந்த வீட்டில் ஆளில்லை.

இருவரும் நிறைந்து வாழ வேண்டும் என்ற ஆசியோடு,
உங்கள் மாமா