குழம்பில் விழுந்த லில்லிக் கிழங்கு

12-3-1968, செவ்வாய்

பிரித்து நடுவதற்காகத் தோண்டி, சமையலறை முறத்தில் உலர வைத்திருந்த லில்லிக் கிழங்குகளில் இரண்டைக் காணவில்லை. ஏரியூரிலிருந்து வந்திருக்கும் நாத்தனாரைக் கேட்டேன்.

"பெரிய வெங்காயம்னு கொழம்புல அரிஞ்சு போட்டுட்டனே!" என்றார். தபசுகால ஒருசந்தி விரதம் என்பதால் அவர் ருசிகூடப் பார்க்கவில்லை. அந்தக் குழம்பைத்தான் என் வீட்டுக்காரர் தொப்பூர் ரோட்டு வேலைக்குத் தூக்குவாளியில் கொண்டுபோயிருந்தார்.

"ஐயோ அண்ணி, அது விஷங்க!"

பஸ்ஸுக்குக் காத்திருக்கவில்லை, ஒரு லாரியை மறித்து ஏறினேன். வழியெல்லாம் ஜெபித்தேன். பாதியில் வார்த்தைகள் மறந்துபோயின. போய்ப் பார்த்தால் அவர் புளியமரத்தடியில் வெறும் சோறு தின்றுகொண்டிருந்தார்.

"ஒரு வாய் வெச்சேன், ஒரே கசப்பு. துப்பிட்டேன். நீ வெச்ச கொழம்புன்னு உன்னைத்தான் திட்டிக்கிட்டிருந்தேன்."

அங்கேயே உட்கார்ந்து அழுதேன். பிறகு சிரிப்பும் வந்தது.

சாயந்திரம் வீடு திரும்பியபோது அண்ணி மிச்சக் கிழங்குகளை வேலியோரம் நட்டுத் தண்ணீரும் ஊற்றியிருந்தார். கண்கள் வீங்கியிருந்தன. அவருக்கு ஒன்றுமில்லை என்று முதலில் சொன்னேன். லில்லிக் கிழங்கின் கழுத்து மண்ணுக்கு மேலே தெரியவேண்டும்; அவரோ ஒரு சாண் ஆழத்தில் புதைத்துவிட்டார்.

"சரியா நட்டிருக்கனா கண்ணு?"

"நல்லா நட்டிருக்கீங்க அண்ணி" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை அவர் ஊருக்குப் போகிறார். அப்புறம் தோண்டிக்கொள்ளலாம்.