விலை போகாத பழைய பியட்

12 ஜூலை 1986, சனி, இரவு

எங்கள் வீட்டு மூன்று கார்களில் பழைய பியட்டை இன்று விற்பதாக இருந்தது. அண்ணனின் முடிவு. எனக்கு மனமில்லை. ஆனால் வண்டியின் பெருமையை எடுத்துச் சொல்ல தாராவியில் என்னை விட்டால் ஆள் ஏது? வாங்க வந்த உல்லாஸ்நகர்க்காரரிடம், ஒரு மகாராஜா ஓட்டிய வண்டி என்றேன். லோனாவாலா மலையேற்றத்தில் ரயிலையே முந்தியது என்றேன். மனிதர் மயங்கிப்போய்ச் சாவிக்குக் கை நீட்டினார்.

அப்போது மதினி வெளியே வந்தாள்.

"முக்கியமானதச் சொல்லலியே கொழுந்தனாரே? ஆஸ்பத்திரி போற வழியில, கொட்டுற மழையில, எம்மவ பொறந்தது இந்தப் பின்சீட்லதான? ஓட்டுனது யாரு?"

"நாந்தான் மதினி."

அவள் அண்ணனைப் பார்த்தாள். "பொறவு எதுக்கு விக்கிய?"

அண்ணன் தலையைச் சொறிந்தான். "ஏலே, சாவிய உள்ள கொண்டு வையி."

வந்தவர் சிரித்துக்கொண்டே டீ குடித்துவிட்டுப் போனார்.

குழந்தை பிறந்த அன்று சயான் ரோட்டில் முழங்கால் அளவுதான் தண்ணீர். நாளை டீக்கடையில் கழுத்தளவு என்று ஆரம்பிக்க வேண்டும். பியட் நீந்தியே போனது என்று நான் சொன்னாலும், யாராவது கேட்டால் மதினி ஆமாம் என்பாள்.