பாக்தாத் கோட்டையும் காற்றுக் குழாயும்

கோரமண்டல் தங்கச் சுரங்கக் குடியிருப்பு, 1898, ஆடி வெள்ளி இரவு.

சத்தியமாகச் சொல்கிறேன், இதை மூவுலகிலும் ஒருவனும் நம்பமாட்டான்.

காலையில் தங்கச் சுரங்கத்தில் பாறை சரிந்து, அக்கா மகள் மரியாளின் புருஷன் உள்ளே மாட்டிக்கொண்டான். ஆள் இறங்கும் ஷாஃப்ட் குழியின் வாசலில் அவள் கல்லாக உட்கார்ந்திருந்தாள். பேசவைக்க, பாக்தாத் முற்றுகைக் கதையை அவிழ்த்துவிட்டேன்.

"துருக்கி சுல்தான் நாலு லட்சம் பேரோட கோட்டைக்கு அடியில தோண்டினான். உள்ள இருந்த பாரசீகக்காரன் தரையில தப்பட்டை வச்சி, மேல பட்டாணி போட்டான். அடியில கடப்பாரை விழுந்ததும் பட்டாணி யானை உசரம் குதிச்சிது!"

"போங்க மாமா, புளுகாதீங்க!" என்றவள் திடீரென்று ஓடி, சுரங்கத்துக்குள் போகும் காற்றுக் குழாயில் காது வைத்தாள்.

"யாரோ தட்றாங்க மாமா!"

தோண்டுவதை நிறுத்தவிருந்த மேஸ்திரி மறுபடி ஆட்களை இறக்கினார். சாயங்காலம் அவள் புருஷன் ஆள் ஏற்றும் கூண்டில் உயிரோடு மேலே வந்தான்.

கண் சொருகுகிறது. நாலு லட்சமும் யானையும் என் சரக்கு. அடியில் தட்டினால் மேலே கேட்கும் என்பது மட்டும் நிஜம்.