அப்பா ஏறாத ஏணி

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லாரும் சௌக்கியம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். எழுத வரவில்லை. நேராக விஷயத்துக்கே வருகிறேன்.

நிலக்கரி மின்நிலையத்தை இந்த மாதக் கடைசியில் மூடுகிறார்கள். அப்பாவின் சாம்பல் பிரிவில் இருப்பவர்களுக்கு எங்கள் காற்றாலைக் கம்பெனியில் வேலைக்கு முன்னுரிமை என்று ஒப்பந்தம். யாரையும் நடுத்தெருவில் விடாத திட்டம் என்று போன கடிதத்தில் நானே பெருமையடித்தேன். கோபுரம் ஏறும் வேலை என்பதால் மருத்துவப் பரிசோதனை உண்டு. அப்பாவை நான்தான் அழைத்துப் போனேன். புதுச் சட்டை, வழித்த முகம், மாப்பிள்ளை மாதிரி வந்தார்.

பயிற்சி ஏணியில் பாதியில் நின்றுவிட்டார். என்னப்பா, தூங்கிட்டீங்களா என்று கீழிருந்து கத்தினேன். இருடா, மேலேருந்து ஊர் அழகா இருக்கு, பார்த்துட்டு வரேன் என்றார். எல்லாரும் சிரித்தோம்.

எக்ஸ்ரே வந்தபின் யாரும் சிரிக்கவில்லை. நுரையீரல் முழுக்கத் தூசி. சாம்பல் பிரிவிலிருந்து வந்த அத்தனை பேருக்கும் அதேதான். அதே பிரிவில் இருக்கும் நம் விசில் மாமா ஞாபகமிருக்கிறதா? மூச்சு விட்டால் நெஞ்சில் விசில் அடிக்கிறது என்று நாம் வைத்த பெயர். அது நோயாம் அக்கா. இத்தனை வருஷம் நோயைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுச் சிரித்திருக்கிறோம்.

நிலையத்து டாக்டர் வருஷா வருஷம் பார்த்துக் குறையொன்றும் இல்லை என்றே சொல்லியிருக்கிறார். எங்கள் கம்பெனி டாக்டருக்கு ஒரே படம் போதுமாக இருந்தது. இவங்களுக்கு என்ன வழி என்று என் மேலாளரிடம் கேட்டேன். உடம்பு தகுதியா இருந்தாத்தான் வேலை, ஒப்பந்தத்துல அவ்வளவுதான் இருக்கு தம்பி என்றார். நல்ல மனுஷர். அவரே இப்படிச் சொன்னதுதான் இன்னும் உறுத்துகிறது.

இது வேலையால் வந்த நோய் என்று, நிலையத்தை மூடுவதற்குள் அவரவர் மனுவில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால்தான் சிகிச்சையும் உதவித்தொகையும். அப்புறம் கேட்க ஆளே இருக்காது. பிரிவில் மூத்தவர் அப்பா. அவர் போட்டால் நாங்களும் போடுறோம் என்கிறார்கள் மற்றவர்கள். அப்பாவோ, சோறு போட்ட இடத்து மேல பழி போடச் சொல்றியா, படிச்ச திமிரா என்று என்னைத் திட்டினார். அம்மாவிடம், வயசாயிடுச்சுன்னு திருப்பி அனுப்பிட்டாங்க என்று சொல்லியிருக்கிறார். அம்மா நம்பிவிட்டாள்.

நான் வாயைத் திறந்தால் சண்டைதான் வருகிறது. நீ சொன்னால் கேட்பார். கடிதம் கிடைத்ததும் போன் செய். உன்னிடமும் வயசு என்றுதான் சொல்வார். மறுக்காதே, கையெழுத்தைப் பற்றி மட்டும் பேசு. நடுவில் அவர் குரல் நின்றுபோனால், லைன் போய்விட்டது என்று நினைத்து வைத்துவிடாதே அக்கா. கொஞ்சம் காத்திரு. மூச்சு வாங்கிக்கொண்டு பேசுவார்.

உன் தம்பி