சுழலும் முட்டியும் சுழலாத முட்டியும்

பிப்ரவரி 6

அன்புள்ள சம்பந்தியம்மாவுக்கு,

வணக்கம். அங்கே எல்லோரும் சௌக்கியம் என்று நினைக்கிறேன். போனில் பேசியிருக்கலாம். ஆனால் நீங்கள் காது சரியாகக் கேட்காமல் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவீர்கள். நாம் பேசுவது பாப்பாவின் காதிலும் மாப்பிள்ளையின் காதிலும் விழும். பெரியவர்கள் பேச்சு பெரியவர்களோடு இருக்கட்டும் என்றுதான் பேனாவை எடுத்தேன்.

ஒரே மாதத்தில், ஒரே ஆஸ்பத்திரியில், அடுத்தடுத்த அறையில் நாம் இருவரும் முட்டி மாற்றிக்கொண்டு படுத்திருந்தோம். தையல் பிரித்ததும் நான் ஊருக்கு வந்துவிட்டேன். இங்கே வந்ததிலிருந்து என் கால் என் பேச்சைக் கேட்க மாட்டேன் என்கிறது. வாக்கரை விட்டுக் கைத்தடிக்கு வந்துவிட்டேன், அதுவரை சரி. ஆனால் நாற்காலியில் உட்கார்ந்தால் கால் முன்னால் நீட்டிக்கொண்டு நிற்கிறது. சமையலறைக்குப் போகிறவர்கள் எல்லாம் அதைத் தாண்டிப் போக வேண்டியிருக்கிறது. பிசியோ பெண் வந்து, "இன்னும் கொஞ்சம் மடக்குங்கம்மா" என்கிறாள். மடக்க அது என்ன போர்வையா?

உங்களுக்கு எப்படி இருக்கிறது? ஒளிக்காமல் எழுதுங்கள். உங்களுக்குள் வைத்ததும் எனக்குள் வைத்ததும் ஒரே சாமான்தானே?

அன்புடன்,
உங்கள் சம்பந்தி


பிப்ரவரி 14

அன்புள்ள சம்பந்திக்கு,

உங்கள் கடிதம் கண்டு மகிழ்ந்தேன், படித்து வருந்தினேன். கவலைப்படாதீர்கள். எனக்கு மிக நன்றாக இருக்கிறது. நேற்றுக் காலை மாடிப்படி ஏறிப்போய்ச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றினேன். மருமகள் பயந்துபோய்ப் பின்னாலேயே வந்தாள். "அத்தை, மெதுவா!" என்கிறாள். மெதுவா என்ற வார்த்தையை நான் எந்த மைதானத்திலும் சொன்னதில்லை என்றேன்.

உங்களுக்குத்தான் தெரியுமே, அத்தனை வருடமும் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சராக விசிலோடு வாழ்ந்தவள் நான். வலிக்கிறது என்று சொல்லும் பிள்ளையை இன்னொரு சுற்று ஓடச் சொல்வேன். உங்களுக்கும் அதையேதான் சொல்வேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

ஒரே சாமானா என்று கேட்டிருந்தீர்கள். இல்லையாம். இரண்டு பக்கமும் உலோகம், நடுவில் ஒரு பிளாஸ்டிக் தட்டு. எனக்கு வைத்திருப்பதில் அந்தத் தட்டு நடக்கும்போது லேசாகச் சுழலுமாம். உங்களுடையது சுழலாமல் ஒரே இடத்தில் நிற்கிற வகை என்று என் பிள்ளை, தம்பிதான் சொன்னான். எனக்கு இதெல்லாம் புரிவதில்லை.

அன்புடன்,
சம்பந்தி


பிப்ரவரி 20

அன்புள்ள சம்பந்தியம்மாவுக்கு,

உங்களுக்குப் புரியவில்லை என்றீர்கள். எனக்குப் புரிகிறது போலிருக்கிறது.

நான் ஆயத்த ஆடை ஆலையில் சோதனை மேசையில் உட்கார்ந்து தலை நரைத்தவள். ஒரே அட்டைப் பெட்டியில் இரண்டு விதத் தையல் வந்தால், ஏன் என்று கேட்காமல் மேலே அனுப்ப மாட்டேன். இங்கே இரண்டு முட்டி, இரண்டு விதம். உங்களுக்குச் சுழல்வது, எனக்குச் சுழலாதது. உங்களுக்கு ஆஸ்பத்திரியின் பெரிய டாக்டரே கத்தி எடுத்தார், எனக்கு மாப்பிள்ளை. நீங்கள் மாடி ஏறுகிறீர்கள். நான் குளியலறை வாசற்படியைப் பார்த்தே மலைக்கிறேன்.

மாப்பிள்ளையிடம் போனில் கேட்டேன். "ரெண்டுமே நல்லதுதான் அத்தை. நடக்கிறதுல, வலியில, எதுலயும் பெரிய வித்தியாசம் தெரியாது" என்றார். வித்தியாசமே தெரியாது என்றால் எதற்கு இரண்டு வகை செய்து வைத்திருக்கிறார்கள்? இதைக் கேட்டதும், "அத்தை, ஒரு பேஷன்ட் காத்துட்டிருக்காங்க" என்று வைத்துவிட்டார்.

பாப்பாவும் சரியில்லை. 'உன் அத்தை எப்படி நடக்கிறாங்க?' என்று கேட்டால், "நல்லா இருக்காங்கம்மா, அடுப்புல வேலையிருக்கு" என்கிறாள். எந்த நேரத்தில் கேட்டாலும் அடுப்பில் வேலை இருக்கிறது. பெற்றவளிடம் வாய் திறக்க முடியாமல் ஒரு பெண் இருந்தால் அம்மாவின் மனது எங்கெங்கே போகும்? நீங்களும் ஒரு தாய், உங்களுக்குத் தெரியாததல்ல.

மனதில் பட்டதை எழுதினேன்.

உங்கள் மருமகளின் அம்மா


மார்ச் 3

சம்பந்தியம்மாவுக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. வேலை அதிகம்.

சொந்த அம்மாவின் உடம்பில் கத்தி வைக்க எந்த மகனுக்குக் கை வரும்? அதனால்தான் தம்பி என்னைப் பெரிய டாக்டரிடம் ஒப்படைத்தான். அவர் தனக்குப் பழக்கமானதை வைத்தார். உங்களுக்குத் தம்பி தன் கைக்குப் பழகியதை வைத்தான். இதில் உங்களுக்கு என்ன குறை வந்துவிட்டது? மாமியாருக்கு மட்டம், அம்மாவுக்கு உசத்தி என்று பிரித்துப் பார்க்கிறவனா என் பிள்ளை?

என் நாத்தனாரைக் கூப்பிட்டு, 'உங்கள் அண்ணி நடப்பதை நீங்கள் கண்ணால் பார்த்தீர்களா?' என்று விசாரித்தீர்களாமே. அவள் அதை ஊரெல்லாம் சொல்லிச் சிரிக்கிறாள். கேட்க வேண்டியதை என்னிடமே கேட்டிருக்கலாம். நான் நன்றாகத்தான் நடக்கிறேன். நேற்று மார்க்கெட் வரை போய்வந்தேன்.

மருமகளை நான் ஒன்றும் வாயைக் கட்டிப்போட்டு வைத்திருக்கவில்லை.

டாக்டரின் அம்மா


மார்ச் 10

சம்பந்தியம்மாவுக்கு,

கோபம் வேண்டாம். ஆனால் நீங்கள் கோபப்பட்டதால் என் சந்தேகம் குறையவில்லை, கூடிவிட்டது.

உங்கள் இரண்டு கடிதங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். முதல் கடிதத்தில் வரி நேராகப் போகிறது. இரண்டாவதில் எழுத்தெல்லாம் சரிந்து மூலைக்கு ஓடுகிறது, படுத்துக்கொண்டு எழுதியதுபோல. மார்க்கெட் போய்வந்தவர் எதற்குப் படுத்துக்கொண்டு எழுத வேண்டும்? அல்லது யாராவது பக்கத்தில் நின்று சொல்லச் சொல்ல எழுதினீர்களா? மாப்பிள்ளையா சொன்னார்?

நான் ஒளிக்கப்போவதில்லை. என் எக்ஸ்ரேயை எடுத்துக்கொண்டு இங்கே வேறொரு எலும்பு டாக்டரிடம் போனேன். அவர் விளக்குப் பெட்டியில் மாட்டிப் பார்த்துவிட்டு, "அருமையா உக்காந்திருக்கும்மா. நீங்கதான் மடக்கப் பயப்படறீங்க" என்றார். யார் ஆபரேஷன் செய்தது என்று கேட்டார், சொன்னேன். உடனே முகமெல்லாம் மலர்ந்து, "அவரா! என்கூடப் படிச்சவராச்சே!" என்றார். கூடப் படித்தவரை எங்கே விட்டுக்கொடுப்பார்? எழுந்து வந்துவிட்டேன்.

பாப்பாவை இங்கே கொஞ்ச நாள் வந்து இருக்கச் சொல்லியிருக்கிறேன். 'வர முடியாதும்மா' என்றாள். ஏன் என்றால் அழுகிறாள். அந்த வீட்டில் என்ன நடக்கிறது? எனக்கு அது தெரிந்தாக வேண்டும்.

பாப்பாவின் அம்மா


மார்ச் 19

சம்பந்தியம்மா,

நீங்கள் பார்த்த அந்த டாக்டர், தம்பியைக் கூப்பிட்டுப் பேசிவிட்டார். கேலியாகத்தான் சொன்னாராம், 'உன் மாமியார் உன்னைப் பரீட்சை பண்றாங்கடா' என்று. அன்றைக்கு அவன் தட்டில் சோறு போட்டது போட்டபடி இருந்தது. உங்கள் முட்டியை முடித்துவிட்டு வந்த அன்று எப்படிச் சிரித்துக்கொண்டு வந்தான் என்று நான்தானே பார்த்தேன்.

இப்போது அவனும் மருமகளும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. 'எங்கம்மா கேட்டதுல என்ன தப்பு?' என்கிறாள் அவள். 'என் கையை நம்பாதவங்க வீட்டுல பொண்ணு எடுத்தது என் தப்பு' என்கிறான் அவன். நான் நடுவில் இருக்கிறேன்.

போதும். இனி எனக்கு எழுத வேண்டாம்.


ஏப்ரல் 2

அன்புள்ள சம்பந்தியம்மாவுக்கு,

எழுத வேண்டாம் என்றீர்கள். இந்த ஒன்றை மட்டும் படித்துவிடுங்கள்.

திங்கட்கிழமை நான் உங்கள் ஊருக்கு வந்திருந்தேன். யாருக்கும் சொல்லவில்லை. பாப்பாவைக் கையோடு அழைத்துவருவது என்று முடிவோடுதான் பஸ் ஏறினேன். மாப்பிள்ளை ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கும் நேரம் பார்த்து, பஸ் நிறுத்தத்தில் இறங்கி நடந்து வந்தேன். மணி அடிக்கும் முன்னால் பக்கவாட்டு ஜன்னல் வழியாக ஒரு பார்வை பார்த்துவிடலாம் என்று தோன்றியது. அது என் தொழில் புத்தி. சொல்லாமல் போய் நின்றால்தான் உள்ளது தெரியும் என்று பழகியவள்.

மாடியில் இருந்த உங்கள் கட்டில் கீழே கூடத்தில் கிடந்தது. நீங்கள் சாப்பாட்டு மேசையின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றீர்கள். பாப்பா தரையில் உட்கார்ந்து உங்கள் குதிகாலைத் தாங்கி மடக்கிக்கொண்டிருந்தாள். நீங்கள் ஆசிரியைக் குரலில் எண்ணினீர்கள். "ஒண்ணு... ரெண்டு..." அதற்கு மேல் குரல் வரவில்லை. கண்ணில் தண்ணீர் கொட்டியது. பாப்பா, "போதும் அத்தை, நாளைக்குப் பாத்துக்கலாம்" என்றாள். நீங்கள் மூச்சு வாங்கிக்கொண்டு, "உங்கம்மாகிட்ட சொல்லிட மாட்டியே?" என்றீர்கள். "இதுவரைக்கும் சொன்னதே இல்லையே அத்தை" என்றாள் என் பெண். உங்கள் புடவையைச் சரிசெய்து, நெற்றியைத் துடைத்துவிட்டாள். எனக்கு ஜுரம் வந்தால்கூட அவள் அவ்வளவு பதமாகத் துடைத்ததில்லை.

சம்பந்தி, நான் இப்போது எழுதப்போவதை மறைத்தால் இத்தனை நாள் உங்களிடம் ஒளிக்காதீர்கள், ஒளிக்காதீர்கள் என்று கேட்டதற்கு அர்த்தமில்லை. ஜன்னலுக்கு வெளியே நின்றபோது எனக்கு முதலில் வந்தது சந்தோஷம். அப்பாடா, அவளுடையது என்னுடையதைவிட மோசம் என்று ஒரு சந்தோஷம். சுழல்கிற தட்டு ஜெயிக்கவில்லை என்ற சந்தோஷம். அது எவ்வளவு நேரம் இருந்தது என்று தெரியவில்லை. நீங்கள் மேசையை விட்டுக் கட்டில் விளிம்பைத் தேடித் தடவியதைப் பார்த்தபிறகு அது போய்விட்டது, போன இடத்தில் வேறு எதுவும் வந்து உட்காரவில்லை. மணி அடிக்கக் கை வரவில்லை. திரும்பிவிட்டேன்.

பஸ் நிறுத்தத்தில் வந்து நின்றபோதுதான் புத்திக்கு எட்டியது. உங்கள் தெருவின் ஒரு முனையிலிருந்து மறு முனை வரை போய், ஜன்னலடியில் அவ்வளவு நேரம் நின்று, மறுபடி நடந்து வந்திருக்கிறேன். கைத்தடி என் கையில்தான் இருந்தது, அதை ஊன்றிய ஞாபகமே இல்லை. மாப்பிள்ளை வைத்த முட்டி. பஸ்ஸில் ஏறும்போது அது நன்றாகவே மடங்கியது.

அவரிடம் என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. போனை எடுக்கிறேன், வைக்கிறேன். பாப்பாவிடம், 'நீ வரவேண்டாம், அங்கேயே இரு' என்று மட்டும் சொன்னேன். 'ஏம்மா திடீர்னு?' என்கிறாள். அடுப்பில் வேலை இருக்கிறது என்று வைத்துவிட்டேன்.

நீங்கள் அனுமதித்தால் வருகிறேன். இந்தத் தடவை வாசல் வழியாக.

உங்கள் சம்பந்தி


ஏப்ரல் 9

அன்புள்ள சம்பந்திக்கு,

உங்கள் கடிதத்தை யாரும் இல்லாதபோது படித்தேன். ஜன்னல் வழியாகப் பார்த்ததற்கு முதலில் கோபம்தான் வந்தது. பள்ளிக்கூடமாக இருந்தால் உங்களை வெயிலில் நிறுத்தியிருப்பேன்.

மாடி ஏறியது பொய் இல்லை. ஒருநாள் ஏறினேன். அதற்குப் பிறகுதான் கால் இறுகிப்போனது. உள்ளே தசை ஒட்டிக்கொண்டுவிட்டதாம். மறுபடியும் மயக்க மருந்து கொடுத்து மடக்கிவிட்டார்கள். அந்தப் படுக்கையிலிருந்துதான் உங்களுக்கு மார்க்கெட் போய்வந்ததாக எழுதினேன். சிலருக்கு இப்படி ஆகும், எந்த வகை வைத்தாலும் ஆகும் என்கிறான் தம்பி. பெரிய டாக்டர் மேலும் குற்றமில்லை, தட்டின் மேலும் குற்றமில்லை. யார் மேலாவது குற்றம் இருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

ஊரில் எத்தனை பிள்ளைகளை ஓட வைத்தவள், ஒரு படி இறங்க முடியாமல் கிடக்கிறாள் என்று யாருக்கும் தெரியக்கூடாது என்று நினைத்தேன். முக்கியமாக உங்களுக்கு. அதனால்தான் பாப்பாவின் வாயை அடைத்தேன். அவள் உங்களிடம் பேசாமல் தவித்ததற்கு நான்தான் காரணம், உங்கள் மாப்பிள்ளை இல்லை. இதை நான் அவர்கள் இருவரையும் உட்கார வைத்துச் சொல்லிவிட்டேன். நேற்று இருவரும் சேர்ந்து ஏதோ சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். அது நல்ல மாதிரியான சண்டையாகத்தான் கேட்டது.

நீங்கள் சந்தோஷப்பட்டதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. 'மடக்க முடியவில்லை' என்ற உங்கள் முதல் கடிதத்தைப் படித்தபோது நானும் கொஞ்சம் நிமிர்ந்துதான் உட்கார்ந்தேன்.

தம்பியிடம் நீங்கள் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. அவன் எதிரில் நடந்து காட்டுங்கள், போதும்.

ஞாயிற்றுக்கிழமை வாருங்கள். மணியை அடியுங்கள். பாப்பாவைத் திறக்க விட மாட்டேன், நானேதான் வருவேன். கட்டிலிலிருந்து வாசல் வரை எனக்கு நேரம் ஆகும். அதுவரை வெளியே நின்றுகொண்டிருங்கள். நல்ல முட்டி உங்களுடையதுதானே.

அன்புடன்,
உங்கள் சம்பந்தி