இரண்டாவது சோதனை

மஞ்சக்குப்பம், கடலூர்
திங்கட்கிழமை

அன்பு மகள் எழிலரசிக்கு,

வணக்கம். இங்கே நான் நலம். ஐதராபாத்தில் நீயும் நலம் என்றே வைத்துக்கொள்கிறேன். போனில் பேசினால் உன் அம்மா ஸ்பீக்கரைப் போட்டுவிடுகிறாள். அதனால்தான் இந்தக் கடிதம்.

ஆடி மாதம் அவள் மார்பில் இருந்த கட்டியை ஊசியால் சோதித்து, புற்றுநோய் இல்லை என்று சொன்னார்கள் அல்லவா? ஆறு மாதம் கழித்துத் திரும்ப வரவும் சொன்னார்கள். தை பிறந்ததும் நினைவுபடுத்தினேன். வர மாட்டேன் என்றுவிட்டாள். நடராஜரிடம் வேண்டிக்கொண்டாளாம், அவர் குணமாக்கிவிட்டாராம். மறுபடியும் சோதித்தால் அவரைச் சந்தேகப்பட்டதாகிவிடுமாம். இதற்குள் கட்டி வளர்ந்திருக்கிறது. துணி மடிக்கும்போது பேச்சோடு பேச்சாக அவளே சொன்னாள்.

தொழிற்சாலை ஆய்வுக்கூடத்தில் முப்பது வருடம், எந்த சாம்பிளையும் இரண்டு முறை பார்க்காமல் கையெழுத்துப் போடாதவன் நான். ஊசிச் சோதனை சில நேரம் தவறும் என்று சொல்லும் ஆராய்ச்சிக் கட்டுரைகளைத் தேடிப் பிடித்து, ஆறு பக்கம் தமிழில் எழுதி அடுப்படியில் வைத்தேன். அந்தக் காகிதத்தில் வடையைப் போட்டு எண்ணெய் வடித்தாள். கோபம் வந்தது. வடையைத் தின்றேன்.

கடைசியில் ஒரு பேரம் பேசினாள். நான் அவளோடு சிதம்பரம் வந்து ரகசியம் பார்த்தால், அவள் என்னோடு புதுச்சேரி வந்து சோதித்துக்கொள்வாள். எங்கள் கல்யாணமே தாலியில்லாமல் மேடையில் நடந்தது உனக்குத் தெரியும். இயக்கத் தோழர் பொன்னுரங்கம் கேள்விப்பட்டால் ஒரு வருடத்துக்குச் சிரிப்பார். இருந்தாலும் போனேன்.

ஆண்கள் சட்டையைக் கழற்றிவிட்டுத்தான் நடராஜர் சன்னிதிச் சபையில் ஏற வேண்டும். கருப்புச் சட்டையைக் கழற்றிக் கையில் போட்டுக்கொண்டேன். தீட்சிதர் திரையை விலக்கினார். பொன் வில்வ இலைகள் சரம் சரமாகத் தொங்கின. அதற்குப் பின்னால் ஒன்றுமில்லை. நானும் நாற்பது வருடமாக மேடையில் அதைத்தான் சொல்லி வந்தேன். உன் அம்மா அந்த வெறும் இடத்தைப் பார்த்து அழுதாள். நான் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

திரும்பும்போது பஸ்ஸில், அவர்தான் குணமாக்கிவிட்டாரே, இன்னும் என்ன வேண்டுதல் என்று சீண்டினேன்.

“உங்களுக்காகத்தான் வேண்டிக்கிட்டேன். கட்டி பெருசாவறது எனக்குத் தெரியாதா? எனக்காவது சாமி இருக்கு. நான் போயிட்டா உங்களுக்கு யாரு இருக்காங்க?” என்றாள்.

ஆலப்பாக்கம் தாண்டும்போது அவள் மடியிலிருந்த பிரசாதப் பையை வாங்கி என் மடியில் வைத்துக்கொண்டேன்.

அவள் சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள். வெள்ளிக்கிழமை கட்டியிலிருந்து சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள். முடிவு அடுத்த திங்கட்கிழமை வரும். எது வந்தாலும் அதை ஏற்றுக்கொண்டு அடுத்த சிகிச்சையைப் பார்க்க வேண்டியதுதான். அதில் எனக்குக் குழப்பமில்லை. ஆனால் பயமாக இருக்கிறது, எழில்.

ஞாயிற்றுக்கிழமைக்குள் வந்துவிடு. லீவு கிடைக்கவில்லை என்று மட்டும் சொல்லாதே. அவள் எனக்காக வேண்டிக்கொண்டது பலிக்க வேண்டும் என்றால், நீ வந்தால்தான் உண்டு.

வாழ்க நீ.

அன்புடன்,
அப்பா
செம்பியன்